தம்புரா போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் தெளிவு வருமா?

புதுச்சுருதி | டிசம்பர் 17, காலை 6.20

மார்கழி பிறந்தாச்சு, கேள்வியை நேராகவே கேட்டுவிடுகிறேன். நாதமே யோகம், தம்புராவைக் கேட்டபடி தினம் அரை மணி உட்கார்ந்தால் மனசு அடங்கும், உள்ளே தெளிவு வரும் என்கிறார்கள். ஃபோனில் தம்புரா செயலி, 1 கட்டை (குரலுக்கு ஏற்ற அடிச் சுருதியின் அளவு), பஞ்சம சுருதி, கண்ணை மூடி உட்காருவது. வருவது தெளிவு இல்லை, தூக்கம். செயலி சரியில்லையா, கட்டை சரியில்லையா, ஆள் சரியில்லையா?

நான்காம் தந்தி | டிசம்பர் 17, காலை 7.45

மூன்றும் சரிதான். வேலைதான் இல்லை.

செயலி சேர்ந்தே பிறந்தது. அதில் நீங்கள் திருத்த ஒன்றும் கிடையாது. தொட்டிலை ஆட்டினால் தூக்கம் வரத்தான் செய்யும். தம்புராவைத் தராசின் படிக்கல்லாக நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கல்லை மட்டும் தட்டில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன தெரியும்? மறுதட்டில் உங்கள் குரல் ஏற வேண்டும்.

நாளைக்கு இப்படிச் செய்து பாருங்கள். செயலியின் சத்தத்தைக் குறையுங்கள். நீங்கள் பாடும்போது அது குரலுக்கு அடியில் கேட்க வேண்டும், மேலே கேட்கக் கூடாது. வாயை மூடி 'ம்' என்று ஷட்ஜத்தை, அதாவது ஸ-வை, வேண்டுமென்றே ஒரு நூல் கீழே பிடியுங்கள். அப்புறம் மெல்ல மேலே நகர்த்துங்கள். சேருமிடம் நெருங்கும்போது சத்தத்தில் ஓர் ஆட்டம் தெரியும். முதலில் வேகமாக, பிறகு நிதானமாக, பிறகு நின்றுவிடும். நின்ற இடத்தில் 10, 12 விநாடி இருங்கள். மூச்சு தீரும் முன்பே விட்டுவிடுங்கள். இப்படி இருபது தடவை. தூக்கம் வருகிறதா என்று அப்புறம் சொல்லுங்கள்.

நான்காம் தந்தி | டிசம்பர் 17, காலை 7.52

விட்டுப்போனது: இரண்டு காதிலும் இயர்ஃபோன் வேண்டாம். சொந்தக் குரல் எலும்பு வழியாக மட்டும் கேட்டு மொத்தமாகப் பொய் சொல்லும். ஒரு காது திறந்திருக்கட்டும்.

சாரணி | டிசம்பர் 17, இரவு 9.10

அந்த 'ஆட்டம்' பள்ளிக்கூட இயற்பியலில் விம்மல் என்று படித்ததேதான். ஒரு தந்தி விநாடிக்கு 130.8 அதிர்வு, பக்கத்துத் தந்தி 131.8 என்றால் விநாடிக்கு ஒரு விம்மல். வித்தியாசம் அரை ஆனால் இரண்டு விநாடிக்கு ஒன்று. காதால் எண்ணிவிடலாம், கருவி எதுவும் வேண்டாம்.

நிஜத் தம்புரா வைத்திருப்பவர்கள் சுருதி சேர்க்கும் வரிசையையும் யாராவது எழுதுங்கள். முதல் தந்தியில் ஆரம்பித்து வரிசையாகப் போய்ச் சிக்கிக்கொள்கிறவர்கள்தான் நிறைய.

நான்காம் தந்தி | டிசம்பர் 18, காலை 5.30

எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நான்கு தந்தி. மீட்டும் வரிசையில் முதலாவது பஞ்சமம் (மந்தர ஸ்தாயி), அடுத்தது சாரணி, அதற்கடுத்தது அனுசாரணி, இரண்டும் மத்திய ஷட்ஜம். கடைசியில் மந்தரம், கீழ் ஷட்ஜம். அது பித்தளைத் தந்தி. மற்றவை வழக்கமாக எஃகு. சேர்க்கும் வரிசை வேறு. முதலில் சாரணி. அதைச் சுருதிப்பெட்டிக்கோ பிட்ச் பைப்புக்கோ சேர்த்துவிட்டு வெளி ஆதாரத்தை மூடிவிடுங்கள். இனி சாரணிதான் ஆதாரம். அதற்கு அனுசாரணி. அப்புறம் மந்தரம். கடைசியாகப் பஞ்சமம்.

பிரடையை, அதாவது தந்தியை முறுக்கும் முளையை, திருப்பும்போது உள்பக்கமாக அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். வெறுமனே திருப்பினால் கையை எடுத்ததும் பின்வாங்கும். சுருதி ஏறிவிட்டால் நேராக இறக்கி நிறுத்தாதீர்கள். தேவைக்கும் கீழே தளர்த்திவிட்டு, கீழிருந்து ஏற்றி வந்து நிறுத்துங்கள். இறக்கி நிறுத்திய தந்தியின் தொய்வு மேற்பக்கம் ஒளிந்திருக்கும், நாலு மீட்டலில் வெளியே வந்துவிடும்.

பிரடை வழுக்கினால் சாக்கட்டித் தூள். இறுகிக்கொண்டால் உலர்ந்த சோப்பு லேசாக. எண்ணெய் ஒருபோதும் வேண்டாம்.

பிரடையால் கிட்டத்தில் கொண்டுவந்தால் போதும். மிச்சத்தை மணி பார்த்துக்கொள்ளும். குதிரைக்கு (குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டைக்கு) கீழே தந்தியில் கோத்திருக்கும் மணியைக் குதிரைப் பக்கம் தள்ளினால் சுருதி ஏறும், கடைசிக் கட்டுப் பக்கம் தள்ளினால் இறங்கும்.

நாலும் சேர்ந்துவிட்டது என்று நிமிர்ந்தால் சாரணி இறங்கியிருக்கும். ஆச்சரியமே இல்லை. ஒவ்வொரு தந்தியை இழுக்கும்போதும் தண்டி (தம்புராவின் நீண்ட கழுத்து) ஒரு மயிரிழை வளைகிறது, முன்னே சேர்த்தவை தளர்கின்றன. இரண்டு மூன்று சுற்று போகத்தான் வேண்டும். முதல் சுற்றில் ரொம்ப நுணுக்கம் பார்ப்பது வீண் வேலை.

பிறகு ஜீவா. தந்திக்கும் குதிரையின் வளைந்த முகத்துக்கும் நடுவே போகும் அந்த ஒற்றை நூல். தந்தியை மீட்டிக்கொண்டே நூலை மெல்ல நகர்த்துங்கள். மொட்டையாக 'டங்' என்றிருந்த நாதம் ஓர் இடத்தில் திறந்துகொண்டு 'ஙொய்ங்' என்று விரியும். அதற்கு முன்னால் வெறும் டங், தாண்டினால் கறகறப்பு. நடுவில் இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நாலு தந்திக்கும் நாலு நூல், நாலும் ஒரே நேர்கோட்டில் வராது.

ஜீவா பிடித்ததும் சுருதி கொஞ்சம் நகர்ந்திருக்கும். மறுபடி மணி.

வீணைப்பட்டறை | டிசம்பர் 18, காலை 10.15

அண்ணே, மணி விஷயம் தலைகீழ். கட்டுப் பக்கம் தள்ளினால்தான் ஏறும். குதிரையிலிருந்து தந்தி சரிந்து இறங்குகிறது, பலகைக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளி கட்டுப் பக்கம் போகப் போகக் குறுகும். அங்கே மணியைத் தள்ளினால் ஆப்பு மாதிரி தந்தியைத் தூக்கி இறுக்கும்.

நான்காம் தந்தி | டிசம்பர் 18, காலை 10.40

ஆமாம், தப்பு. கை சரியாகச் செய்கிறது, எழுதும்போது தலை குறுக்கே வந்துவிட்டது. மேலே உள்ளதைத் திருத்தாமல் விட்டுவைக்கிறேன், கீழே வரை படிக்கிறவர்களுக்குப் பயன்படும்.

சாரணி | டிசம்பர் 18, இரவு 8.30

மீட்டலையும் சேர்த்துவிடலாம். பஞ்சமத்துக்கு நடுவிரல், மற்ற மூன்றுக்கும் ஆள்காட்டி விரல். நகம் படக் கூடாது, விரலின் சதைதான் தந்தியை ஒட்டி வருடிக்கொண்டு போக வேண்டும். இழுத்துச் சுண்டுவது வேறு வாத்தியத்துக்கு. பாட்டின் தாளத்துக்கு மீட்டுவதும் தப்பு. தம்புராவுக்குத் தாளம் கிடையாது. கச்சேரியில் துரித காலம் வந்ததும் பின்னால் இருப்பவர் விரலும் வேகமெடுத்தால் அவர் சுருதியைக் கேட்கவில்லை, பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

புதுச்சுருதி | டிசம்பர் 20, காலை 6.00

தூக்கம் வரவில்லை. எரிச்சல் வருகிறது. நிற்கவே மாட்டேன் என்கிறது அந்த விம்மல்.

நான்காம் தந்தி | டிசம்பர் 20, காலை 6.25

நல்ல அடையாளம். முன்னாலும் விலகித்தான் இருந்தது, இப்போது கேட்கிறது.

எரிச்சலோடு குரலைத் தள்ளாதீர்கள். சத்தத்தைக் கூட்டினால் பெரும்பாலும் சுருதியும் மேலே ஏறிவிடும். பாதியாகக் குறைத்துப் பாருங்கள். 'ம்' பிடிபட்ட பிறகு அகாரம், அதற்குப் பிறகுதான் இகாரம், உகாரம். இகாரத்தில் ஏறுகிறதா, உகாரத்தில் இறங்குகிறதா என்று தனித்தனியாகக் கவனியுங்கள். ஆளுக்கு ஆள் மாறும்.

சாரணி | டிசம்பர் 21, மாலை 4.50

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1 கட்டை ஆண் குரல் கணக்கில் மந்தரம் 65.4. சீரிசை என்பது அடிநாதத்தின் இரண்டு, மூன்று, நான்கு மடங்கில் கூடவே எழும் ஒலி. அதன் மூன்றாம் சீரிசை 196.2, அது பஞ்சமம். ஐந்தாவது 327, அது அந்தர காந்தாரம். பஞ்சமத் தந்தி 98.1. அதன் மூன்றாவது 294.3, சதுஸ்ருதி ரிஷபம். ஐந்தாவது 490.5, காகலி நிஷாதம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுங்கள்: ஸ ரி க ப நி. யாரும் பாடாமலே தம்புரா ஹம்சத்வனி பாடிக்கொண்டிருக்கிறது. கச்சேரியை ஹம்சத்வனியில் தொடங்கும் வழக்கத்துக்குப் பிள்ளையார் மட்டும்தான் காரணமா என்ன!

மந்தரத்தின் ஏழாவது சீரிசையில் கைசிகி நிஷாதமும் கேட்கும்.

நான்காம் தந்தி | டிசம்பர் 21, இரவு 9.00

ஹம்சத்வனி வரை ஒப்புக்கொள்கிறேன். கைசிகி நிஷாதம் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏழாவது சீரிசை 7/4, அதாவது 969 சென்ட் (அரை ஸ்வரம் 100 சென்ட்). கைசிகி நிஷாதம் 16/9 என்று வைத்தால் 996. இருபத்தேழு சென்ட் கீழே. அரை ஸ்வரத்தில் கால் பங்குக்கு மேல். கேட்கிறது உண்மை, அது கைசிகி இல்லை. அதை நம்பி ஹரிகாம்போஜி பாடினால் நிஷாதம் தொங்கும்.

காந்தாரம் அப்படியில்லை, அதை நம்பலாம். ஹார்மோனியத்தின் காந்தாரம் 400 சென்ட், தம்புராவின் காந்தாரம் 386. ஹார்மோனியத்தில் அந்த ஸ்வரம் 329.6, தம்புராவில் 327. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் விநாடிக்கு இரண்டரை விம்மல். கீபோர்டு வைத்து ஸ்வரம் பழகியவர்களுக்குத் தம்புராவோடு காந்தாரம் சேர்ப்பது புதுப் பாடமாக இருப்பது இதனால்தான். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான், பரவாயில்லை.

அந்தக் காந்தாரத்தைத் தேடிக் கேட்பது நல்ல பயிற்சி. மந்தரம் மீட்டியதும் உடனே வராது. அடிநாதம் விழுந்து, கொஞ்சம் தாமதித்து, மேலே வெள்ளிக் கம்பி மாதிரி எழும். ஜீவா சரியில்லாவிட்டால் எழவே எழாது. மந்தரம் சேர்ந்திருக்கிறதா என்பதற்கு இதுவே சோதனை.

புதுச்சுருதி | டிசம்பர் 22, காலை 6.10

அந்தர காந்தாரம் எப்போதும் ஒலிக்கிறது என்றால் தோடி பாடும்போது இடிக்காதா?

நான்காம் தந்தி | டிசம்பர் 22, காலை 6.30

நல்ல கேள்வி. தோடியின் காந்தாரம் அந்தரத்துக்குக் கீழே உள்ள சாதாரண காந்தாரம். அதை யாரும் ஸ்வர ஸ்தானத்தில் கல்லு மாதிரி நிறுத்துவதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். அசைகிற ஸ்வரம் விம்மாது, ஒரிடத்தில் இருந்தால்தானே இடிக்க! கமகம் இல்லாமல் ஹார்மோனியத்தில் தோடி காந்தாரத்தை அழுத்திப் பிடித்துத் தம்புராவோடு கேளுங்கள், பல் கூசும்.

சாரணி | டிசம்பர் 22, மதியம் 1.15

மத்யம சுருதிக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி மாதிரி ராகங்களுக்குப் பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்கு இறக்குவார்கள், பாடுகிறவர் அந்த மத்யமத்தை ஷட்ஜமாகக் கொள்வார். மத்யமத் தந்தி 87.2. அதன் ஐந்தாவது சீரிசை 436, பழைய ஷட்ஜத்துக்குத் தைவதம். ஹம்சத்வனி கலைந்துவிட்டது பாருங்கள். ஒரு தந்தியை ஒரு ஸ்வரம் இறக்கியதும் அறையின் நிறமே மாறுகிறது என்பார்களே, காரணம் இது.

பஞ்சமம் இல்லாத ஸ்ரீரஞ்சனிக்கும் ஹிந்தோளத்துக்கும் நம் மேடையில் பெரும்பாலும் ச-ப அப்படியேதான் ஓடும். ஹிந்துஸ்தானியில் மால்கௌன்ஸுக்கு மத்யமம் வைத்துவிடுவார்கள்.

சிலப்பதிகாரம் வேனிற்காதையில் இணை, கிளை, பகை, நட்பு என்று நரம்புகளுக்குள் உறவு சொல்கிறது. ஐந்தாம் நரம்பு கிளை, நான்காம் நரம்பு நட்பு. பஞ்சமம் சொந்தக்காரன், மத்யமம் சிநேகிதன். பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

வீணைப்பட்டறை | டிசம்பர் 23, காலை 11.00

சி.வி. ராமன் பெயர் இன்னும் வரவில்லையே? 1921-ல் தம்புரா, வீணைக் குதிரை பற்றி எழுதினார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடத்தைக் கணுவாக (அதிராத புள்ளியாக) கொண்ட சீரிசைகள் எழக் கூடாது என்பது பழைய விதி. நட்டநடுவில் மீட்டினால் 2, 4, 6 எல்லாம் அவுட். தம்புராவில் நடுவில் மீட்டினாலும் அவை கணீரென்று வருகின்றன. விளையாடுவது குதிரையின் வளைவும் அந்த நூலும். தந்தி ஒவ்வொரு அதிர்விலும் குதிரையை உரசி உரசி எழுகிறது.

பட்டறைக்கு வரும் கேஸ்களில் பாதி இதுதான்: தந்தி உரசிய இடத்தில் குதிரையில் பள்ளம் விழுந்திருக்கும். பள்ளம் விழுந்தால் நூலை எங்கே வைத்தாலும் ஜீவா வராது. உப்புத்தாள் எடுத்து நீங்களே தேய்த்துவிடாதீர்கள். அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாத அளவு. தேய்த்தபின் பட்டறைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒத்துக்காரர் | டிசம்பர் 24, இரவு 10.20

எல்லாரும் தந்தியையே சொல்கிறீர்களே, ஒத்தை மறந்துவிட்டீர்களா? நாகஸ்வரத்துக்குச் சுருதி ஒத்து. விரல் வைக்கும் துளை இல்லை, அடியில் உள்ள துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சு வாங்கிக்கொண்டே விடாமல் ஊத வேண்டும். ஊர்வலம் முழுக்க ஒரே ஸ்வரம்.

அடுத்தவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவனை 'ஒத்து ஊதுகிறான்' என்கிறது ஊர். நியாயமே இல்லை. ஒத்துக்காரர் யாருக்கும் தலையாட்டுவதில்லை. நாகஸ்வரக்காரர் எங்கே போனாலும் இவர் நகர மாட்டார். அவர்தான் திரும்பி இவரிடம் வர வேண்டும்.

நான்காம் தந்தி | டிசம்பர் 24, இரவு 10.45

இந்த இழையிலேயே இதுதான் நல்ல பதிவு. தலைப்புக் கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

புதுச்சுருதி | டிசம்பர் 28, காலை 6.05

அதையே கேட்கிறேன் சார். மணி, நூல், சென்ட் எல்லாம் சரி. தெளிவு எங்கே? 'சங்கீத ஞானமு பக்தி வினா' என்று தியாகராஜரே தன்யாசியில் பாடியிருக்கிறார், வெறும் சங்கீத ஞானம் சன்மார்க்கம் ஆகாது என்று. சுருதி சேர்க்கத் தெரிந்தவர்களெல்லாம் ஞானிகளா?

நான்காம் தந்தி | டிசம்பர் 28, காலை 7.30

இல்லவே இல்லை. சுருதி சுத்தமாகச் சேர்த்துவிட்டுச் சபாவில் நாற்காலிக்குச் சண்டை போடுகிறவர்கள் உண்டு.

அந்தப் பல்லவி 'மனசா' என்று முடிவதைக் கவனியுங்கள். ஊருக்கு உபதேசம் இல்லை, தன் மனதைக் கூப்பிட்டு வைத்துச் சொல்கிறார். தம்புராவோடு உட்காருவதில் கிடைப்பதும் அந்த அளவுதான்: தன் பிழை எந்தத் திசையில் போகிறது என்று தெரியும். ஒருவருக்கு மூச்சு முடியும் இடத்தில் இறங்கும். இன்னொருவருக்கு மேல் ஷட்ஜம் நெருங்கும்போது பயத்தில் அரைக்கால் முன்னாலேயே நின்றுவிடும். இன்னொருவருக்கு அவரோகணத்தில் ஒவ்வொரு படியாகக் கசிந்து, திரும்பி ஷட்ஜத்துக்கு வரும்போது அது வேறு ஷட்ஜமாக இருக்கும். இது குணம் மாதிரி, திரும்பத் திரும்ப அதே இடத்தில் வரும். ஒரு நோட்டில் தேதி போட்டு எங்கே, எந்தப் பக்கம் விலகியது என்று மட்டும் எழுதுங்கள். நாலு வாரத்தில் பக்கங்கள் ஒரே மாதிரி இருக்கும்.

யாரும் குறை சொல்லவில்லை. தம்புரா திட்டாது, பாராட்டாது. நீங்களே கேட்டு நீங்களே நகர்கிறீர்கள். இதை ஞானம் என்று சொல்வீர்களோ பழக்கம் என்று சொல்வீர்களோ, உங்கள் பாடு.

நான்காம் தந்தி | டிசம்பர் 28, இரவு 9.50

காலையில் எழுதியதில் பாதி அதிகப்படி. 'குணம் மாதிரி' என்றது குறிப்பாக. மேல் ஷட்ஜத்தில் குறைவது பயமாக இல்லாமல் தாடை இறுகுவதாகவும் இருக்கலாம். முதலில் தாடையைத் தளர்த்திப் பாருங்கள், சரியாகாவிட்டால் மட்டும் மனதை ஆராயலாம்.

சாரணி | டிசம்பர் 29, மாலை 6.30

செயலியையும் முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் ஃபோன் ஸ்பீக்கர் 65 அதிர்வைத் தராது, அந்தச் சின்னத் தகட்டுக்கு முடியாது. அப்படியும் மந்தரம் கேட்கிறதே என்றால், மேலே உள்ள சீரிசைகளை வைத்துக் காது அடிநாதத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. சின்ன ப்ளூடூத் பெட்டியில் போட்டாலே வித்தியாசம் தெரியும். பெட்டியை மேசையில் வைக்காதீர்கள், மேசையும் சேர்ந்து உறுமும். மடித்த துண்டின் மேல் வையுங்கள்.

வீணைப்பட்டறை | டிசம்பர் 30, காலை 9.40

ஏசி ஹாலில் சேர்க்கிறவர்களுக்கு: வெளியே சேர்த்துக்கொண்டு உள்ளே போனால் எஃகு குளிர்ந்து சுருங்கிச் சுருதி ஏறும். மேடை விளக்குச் சூட்டில் இறங்கும். நாள் கணக்கில் ஏசியிலேயே கிடந்தால் மரம் உலர்ந்து பிரடை வழுக்கும், மழைக்காலத்தில் உப்பி இறுகும். முக்கால் மணி முன்னதாக மேடையில் கொண்டுபோய் உறை கழற்றி வைத்துவிட்டு, அப்புறம் சேருங்கள்.

புதுச்சுருதி | ஜனவரி 3, காலை 5.50

நிஜத் தம்புரா ஒன்று இரவல் கிடைத்திருக்கிறது. நாலில் மூன்று நூல்தான் இருக்கிறது, அனுசாரணிக்கு இல்லை. என்ன நூல் போடுவது?

வீணைப்பட்டறை | ஜனவரி 3, காலை 8.15

பருத்தி அல்லது பட்டு, முறுக்குத் தளர்ந்த ஒற்றை இழை. தையல் மெஷின் பாலியஸ்டர் வேண்டாம், வழுக்கி ஓடும். தடிமனாக இருந்தால் இழையைப் பிரித்துப் பாதி போடுங்கள். இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் தொங்கட்டும், பிடித்து நகர்த்த.

நான்காம் தந்தி | ஜனவரி 3, காலை 8.40

இருக்கிற மூன்றை நகர்த்துவதற்கு முன் ஒருமுறை மீட்டிக் கேட்டுவிடுங்கள். யாரோ பிடித்த ஜீவா அப்படியே இருந்தாலும் இருக்கும்.